ஒரு அடி

வங்கி விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்குள்
கோல்ஃப் என்று எழுதினேன்.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பொழுதுபோக்கைக் கேக்கலம்மா.
மிலிட்டரி பென்சன் இருக்கு, சரி.
இப்ப என்ன வேலை பாக்குறாரு?"

அதான் சார் வேலை.

"சம்பளச் சீட்டு?"

முதல் ரெண்டு நாள் தாண்டினால் பணம்,
தாண்டாவிட்டால் ரயில் டிக்கெட்டும் கைக்காசு.
இதற்கு எந்தக் கட்டம்?

பதினேழு வருசம் பட்டாளத்தில் இருந்தவன்
திரும்பி வந்து ஏ.டி.எம். வாசலில் உட்காருவான்,
செக்கானூரணியில் செல்போன் கடை வைப்பான்.
நீ பதினாலு மட்டையோடு வந்து இறங்கினாய்.
வெலிங்டனில் அதிகாரிகளுக்குப் பந்து பொறுக்கி
பிறகு அதே அதிகாரிகளைத் தோற்கடித்த கை
சும்மா கிடக்காது என்றாய்.
சண்டிகர் வண்டியில் பையைத் தட்டிப் பார்த்த டிக்கெட் பரிசோதகர்
"கச்சேரிக்கா?" என்றாராம்.
ஆமாம் என்றாயாம்.

கண்மாய் வறண்ட மாசங்களில்
கண்மாய்தான் உன் மைதானம்.
நூற்றைம்பது கெஜத்தில் கருவேல மூட்டில் ஒரு சாக்கு.
இருநூறில் என் பழைய மஞ்சள் சேலை.
ஆடு மேய்க்கும் பெருமாயி முதல் வாரம் ஏசினாள்,
அடுத்த வாரம் பந்து பொறுக்கித் தந்தாள்,
பந்துக்கு ஒரு ரூபாய்.
சித்திரை வெயிலில் ரெண்டாக்கினாள்.

உசிலம்பட்டிப் பக்கம் தெருவுக்கு ரெண்டு ஒச்சப்பன்.
மைக்கில் மட்டும்
கொல்கத்தாவில் ஓச்சாபன்,
தில்லியில் உச்சப்பன்,
ஜெய்ப்பூரில் வெறும் மிஸ்டர் ஓ.
நாற்பத்தொரு போட்டி.
பதிமூன்றில்தான் உனக்குச் சனிக்கிழமை கிடைத்தது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும்.
"சாப்ட்டியா" என்று ஆரம்பித்தால் வெளியே.
"ஏய்" என்று ஆரம்பித்தால் உள்ளே.

அந்த டிசம்பரில் அகமதாபாத்.
அடுத்த வருச அட்டைக்குக் கடைசிச் சுற்று.
பதினாறாவது குழி, முழங்கால் புல்.
மட்டையைப் பின்னால் வைத்ததும் பந்து அசைந்தது,
நெல்லு மணி ஒருக்களிக்கிற அளவு என்றாய்.
யார் பார்த்தா?
யாரும் பாக்கல.
கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டவனும் நீ.
ஐந்தை அடித்து ஆறாக்கச் சொன்னவனும் நீ.
ஒரு அடியில் போனது வருசம்.

மூன்று நாள் நான் பேசவில்லை.
நாலாம் நாள் பேசியதை இங்கே எழுத மாட்டேன்.
மகளின் செமஸ்டர் கட்டணம்
என் வளையலாகப் போனது, அதை மட்டும் எழுதுகிறேன்.

ஆடியில் அழகர்கோவில் போனோம்.
பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால்
வரப்புத் தகராறில் பங்காளிகள் ரெண்டு பேர்
சத்தியம் பண்ண நின்றார்கள்.
கற்பூரம் கொளுத்து முன்பே
ஒருவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.
சந்தனம் அப்பிய கதவு சாத்தியே இருந்தது.
நான் உன் முகத்தைப் பார்த்தேன்.
நீ அவர்களையும் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை.
தேங்காய் மூடியோடு மரம் ஏறிய குரங்கைப் பார்த்து
"அந்தக் கிளை எத்தனை கெஜம் இருக்கும்?" என்றாய்.
சிரித்துத் தொலைத்தேன்.
கோபம் அப்படியேதான் இருந்தது.

மேலாளர் ஒரு வழி சொன்னார்:
"கோல்ஃபை அடிச்சிட்டு சுயதொழில்னு போடுங்க.
அடிச்ச இடத்துல கையெழுத்து வேணும்."

தெரியும் சார்.
எங்க வீட்டில் அது பழக்கம்.

வெளியே வந்தால் நாகமலைப் பக்கம் கறுத்திருந்தது.
பஸ் ஸ்டாப்பில் எல்லார் முகத்திலும் பூரிப்பு.
கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால்
ஆறு மாசம் உனக்குப் பூமி இல்லை.
சேலையை எடுத்துட்டியா என்று கேட்கப்
போன் போட்டேன்.

"ஏய்" என்றாய்.

இன்றைக்குப் புதன்கிழமை.